ஏழு நாள் தவணை



தேர்வு, தேர்ச்சி, தோல்வி என்ற சொற்களையெல்லாம் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வந்துவிட்டதாகத்தான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முப்பது வயதைக் கடந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, ஒரு வீட்டின் பொறுப்பு முழுவதையும் தோளில் ஏற்றுக்கொண்ட பிறகு, முன்பின் அறியாத ஓர் அதிகாரி பக்கத்து இருக்கையில் அமர்ந்து "வண்டியை எடுங்கள்" என்கிறார். கை நடுங்குகிறது, கால் நடுங்குகிறது. ஊரார் பார்த்திருக்க, "அடுத்த முறை வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இதன் வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அனுபவித்தவள் என் மருமகள். அருகிலிருந்து பார்த்தவள் நான். ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஒருமுறை தவறி, மறுமுறை போகத் தயங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் வீடுகளில் பலர் இருப்பதால் இதனை எழுத முன்வந்தேன்.

எங்கள் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்றவர்கள், சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்யும் இடத்தைக் கடந்திருப்பீர்கள். அதுதான். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவெளி ஏரி, இடையில் உப்பளம். நம் சமுதாயத்தின் பல ஊர்களைப் போலவே இங்கும் வேலைக்குப் போகும் வயதுடைய ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். என் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். சுமார் 35 கிலோமீட்டர் தூரம். நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு இணைந்து கிடந்து எழுந்தவரைப் பேருந்தில் நிற்க வைத்து அழைத்துவர முடியாது. வாடகைக் கார்தான் வழி. சொல்லி வைத்த கார் ஒருநாள் விடியற்காலையில் வரவில்லை; கல்யாணச் சவாரிக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அன்றைய சிகிச்சை தவறி, மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறல் கண்டது.

அதன் பிறகுதான் மகன் பணம் அனுப்பி, பழைய ஆல்டோ கார் ஒன்றை வாங்கினோம். கார் வந்துவிட்டது, ஓட்டுவது யார்? "நானே கற்றுக்கொள்கிறேன், மாமி" என்றாள் மருமகள்.

பழகுநர் உரிமம் பெற்றாள். நம் மக்கள் அதனை எல்.எல்.ஆர். என்றே சொல்வார்கள். ஆறு மாத காலத்துக்குச் செல்லும். அதனைப் பெற்று முப்பது நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத் தேர்வுக்குப் போக முடியும். அருகிலுள்ள நகரத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அடிப்படைகளைக் கற்றாள். மீதியெல்லாம் எங்கள் காரில்தான். உரிமம் உள்ள என் தம்பி பக்கத்தில் அமர, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தோடு, உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் பழகினாள். அந்தப் பாதையில் பாத்திகளுக்கு நடுவே இரண்டு வண்டிகள் விலகுவதற்கே இடம் இராது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்தால் நாம்தான் பின்னோக்கிப் போக வேண்டும். அங்கே ஓட்டப் பழகியவள் எங்கும் ஓட்டுவாள் என்று தம்பி சொன்னான். தேர்வு வெறும் சடங்குதான் என்றே அனைவரும் நினைத்தோம்.

தேர்வு நாளன்று நடந்தது வேறு. பயிற்சிப் பள்ளியின் வண்டியில்தான் தேர்வு. அதன் கிளட்ச் எங்கள் காரின் கிளட்சைவிட மேலே பிடித்தது. முன்னோக்கி ஓட்டியதில் குறையில்லை. கம்பங்களுக்கு இடையே பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தச் சொன்னபோது இன்ஜின் அணைந்துவிட்டது. வரிசையில் நின்ற இளைஞர் சிலர் சிரித்தார்கள். மறுபடி இயக்கினாள், மறுபடி அணைந்தது. தையல் இயந்திரத்தின் மிதியில் வைத்த கால் போல இடது கால் தானாக ஆடத் தொடங்கியது. மூன்றாம் முறை வண்டி ஒரு கம்பத்தில் உரசியது. "ஓட்டத் தெரிகிறது அம்மா, பதற்றம்தான். அடுத்த முறை வாருங்கள்" என்றார் ஆய்வாளர். 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நம் மக்கள் அஞ்சி நடுங்கும் அந்த அதிகாரி கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கடுமையான சொற்களெல்லாம் வீட்டுக்குள்தான் வந்தன. "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?" என்று தொலைபேசியில் கேட்டார் ஓர் உறவுக்காரர். "என் பேரன் ஒரே முறையில் வாங்கிவிட்டான்" என்றார் இன்னொருவர். இவற்றைவிட அவளைச் சுட்டது, ஷார்ஜாவிலிருந்து அன்பாகச் சொல்லப்பட்ட ஒரு சொல்: "சரி, விட்டுவிடு. ஒரு டிரைவர் போட்டுக்கொள்ளலாம்." மகன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். ஆனால் 'உன்னால் ஆகாது' என்பதையே நயமாகச் சொன்னதாக அவள் காதில் விழுந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கார் சாவியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

சகோதரிகளே, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நம் வீடுகளில் யாரும் அறிவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். கேலியோ கண்டனமோ அந்தச் சட்டத்தில் இல்லை. ஏழு நாள் தவணை மட்டுமே இருக்கிறது. இதைத் தம்பி எடுத்துச் சொன்ன அன்றுதான் அவள் முகத்தில் சிறிது தெளிவு வந்தது. பலர் தவறுவார்கள் என்று தெரிந்ததால்தானே சட்டம் செய்தவர்கள் முன்கூட்டியே தவணை வைத்திருக்கிறார்கள்! இங்கிலாந்தில் 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாக இருந்துவருகிறது. அங்கே இன்றும் ஏறக்குறையப் பாதித் தேர்வுகள் தோல்வியில்தான் முடிகின்றன. அதற்காக அங்கே யாரும் சாவியை ஒளித்து வைப்பதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் வேறொரு யோசனையும் வந்தது. "அடுத்த முறை நீங்கள் ஓட்டிக் காட்டவே வேண்டாம், நாங்கள் சொல்லிவிடுகிறோம், கொஞ்சம் செலவாகும்" என்று இடைத்தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் வீட்டில் இந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் நபி (ஸல்) அவர்களின் சாபம் உண்டு என்பதை அவருக்கு நினைவூட்டினார். பிறகு, "அது ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டத் தெரியாமல் உரிமம் வாங்கினவள் ஓட்டுகிற வண்டியில் ஏறிப் போகப் போகிறவன் நான்தானே, தம்பி?" என்று கேட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வார இறுதியில் எங்கள் சாலையில் கார்கள் பறக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

"உரிமம் இல்லாமலே ஓட்டட்டுமே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சொன்னவர்களும் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. விபத்து நேர்ந்தால், உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்ற காரணத்தால் இழப்பீட்டுத் தொகையை வண்டியின் உரிமையாளரிடமே காப்பீட்டு நிறுவனம் திரும்ப வசூலிக்க நேரலாம். ஒரு குடும்பத்தின் வீடே போய்விடும்.

ஆக, நேர் வழி ஒன்றுதான் மிஞ்சியது. பதற்றத்தை என்ன செய்வது?

"தைரியமாக இரு" என்று சொல்வது எளிது. அந்தச் சொல்லால் நடுங்கும் கால் நின்றதாக நான் கண்டதில்லை. முதல் தேர்வுக்குப் போகும்போதும் அவள் மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவை, நெஞ்சை விரிவாக்கிக் காரியத்தை எளிதாக்கித் தரும்படி கேட்ட அந்த துஆவை, ஓதிவிட்டுத்தான் போனாள். துஆ உள்ளத்துக்குத் துணை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது? கட்ட வேண்டிய கயிறு எது என்று தேடினோம்.

பதற்றம் முழுக்கத் தீமை என்றும் சொல்வதற்கில்லை. 1908ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். ஓரளவு தூண்டுதல் கற்பதற்கு உதவுகிறது. கடினமான வேலையில் அது அளவு மீறினால் கெடுக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆபத்து என்று உள்ளம் கருதிவிட்டால் அட்ரினலின் என்னும் சுரப்பு உடலெங்கும் பாய்ந்து, ஓடுவதற்கோ சண்டையிடுவதற்கோ தசைகளை ஆயத்தப்படுத்துகிறது. கிளட்சின் மேல் அசையாமல் காத்திருக்க வேண்டிய கால் அதனால்தான் ஆடுகிறது. இது கோழைத்தனம் என்றால் நல்ல உடல்நலமுள்ள ஒவ்வொருவரும் கோழைதான்.

அவளிடம் பொறுமையாகக் கேட்டபோது ஓர் உண்மை வெளிவந்தது. அவளுக்கு வண்டியைக் கண்டு பயமில்லை. அஞ்சியது இரண்டுக்குத்தான்: அன்னியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று, இன்ஜின் அணைந்துவிடுமோ என்பது மற்றொன்று. பழகிய நாளெல்லாம் பக்கத்தில் இருந்தவர் சொந்தத் தாய்மாமன் போன்றவர். வண்டியும் சொந்த வண்டி. தேர்வுக் களத்தில் இரண்டும் மாறிவிட்டன. ஆகவே பயிற்சியைத் தேர்வு போலவே ஆக்குவது என்று முடிவு செய்தோம். ஏழாம் நாளே ஓட வேண்டாம், மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம் என்று அவளே சொன்னாள்.

முதல் வேலையாக, தேர்வுக்கு எந்த வண்டியைத் தருவார்களோ அதே வண்டியில் கூடுதல் கட்டணம் கட்டி நான்கு நாள் ஓட்டினாள். அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் காலுக்கு அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியால் மட்டும் மிதியைக் கட்டுப்படுத்தினால் நடுக்கம் பாதியாகக் குறைவதைக் கண்டாள். எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட கைப்பிடி கொண்ட பலகையைச் சற்று அழுத்தினால் அடிச்சேறு கலந்து உப்பு கறுத்துவிடும். அழுத்தாவிட்டால் உப்பு வராது. அந்த அளவு எது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும். கிளட்சும் அப்படித்தான் போலும்.

அடுத்தது, இன்ஜின் அணைவதைப் பற்றிய பயம். தம்பி சொன்ன வழி முதலில் விசித்திரமாகத் தோன்றியது. "வேண்டுமென்றே அணைய விடு" என்றான். ஆளில்லாத மண்பாதையில் கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைய விடுவாள். பிறகு பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி, முதல் கியர், கண்ணாடி பார்ப்பது என ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புறப்படுவாள். ஒரு நாளைக்கு இருபது முறை. ஒரு வாரத்தில், இன்ஜின் அணைவது பேரிடர் என்ற நிலை மாறி, அடுப்பு அணைந்தால் பற்றவைப்பது போன்ற சிறு வேலையாகிவிட்டது. எதை நினைத்து அஞ்சுகிறோமோ அதையே பழகிவிடுவது என்ற இந்த வழியைத்தான் நான் உங்களுக்கு முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாவதாக, பார்வை. எங்கள் பகுதியில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வேண்டிக்கொண்டோம். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து முன் இருக்கையில் அமர்வார்; தம்பியும் நானும் பின்னால். சிரிக்க மாட்டார், பாராட்ட மாட்டார். "பின்னால் எடுங்கள்", "மேட்டில் நிறுத்தி எடுங்கள்", "இந்தச் சைகைப் பலகைக்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேட்பார். விதிகளில் ஆய்வாளர் பார்க்க வேண்டியவை எவை என்பது அவருக்கு மனப்பாடம்: புறப்படும் முன் கண்ணாடி பார்ப்பது, மேட்டிலும் சரிவிலும் தடுமாறாமல் புறப்படுவது, குறுகிய வழிக்குள் பின்னோக்கி நுழைவது, திடீரென்று நிறுத்தச் சொன்னால் கட்டுப்பாட்டோடு நிறுத்துவது. முதல் நாள் அவர் பேனாவை எடுத்தாலே இவள் கை வியர்த்தது. நான்காம் நாள் அவர் எழுதுவதைக் கவனிக்கவே இல்லை. அவர் உண்மையில் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, கோடுதான் கிழித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்து வீடே சிரித்தது.

சில சில்லறை விஷயங்களும் உண்டு. தரையைத் தொடும் புர்கா மிதிகளில் சிக்கும். கணுக்காலோடு நிற்கும்படி தைத்துக்கொண்டாள். செருப்புக்குப் பதில் தட்டையான ஷூ. வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டாள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணிகிறது. இதைச் சிகிச்சைக்குப் போகும் வழியில் மாமனாரும் மருமகளுமாகப் பழகினார்கள். பதற்றம் தணிய மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காருவது போன்ற அறியாமை வேறில்லை. தேர்வுத் தேதியை உறவினர் யாருக்கும் சொல்லவில்லை. இது என் ஏற்பாடு.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அது நடந்தேறியதற்குக் காரணங்கள் பல. என் கருத்தில் முக்கியமானது, அவர்கள் கூட்டமாகக் கற்றார்கள் என்பது. ஒருத்தி தனியாக விழுந்தால் ஊர் சிரிக்கும். ஊரே கற்றுக்கொண்டிருந்தால் சிரிப்பதற்கு யார் மிச்சம்? காரில் அந்த வசதி இல்லை. ஒருத்தி மட்டுமே ஸ்டியரிங்கில் உட்கார முடியும். அதனால் வீட்டார்தான் அந்தக் கூட்டமாக இருக்க வேண்டியிருக்கிறது. 1993ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்த வசந்தகுமாரியைப் பற்றி அந்தப் பெரியவர் மரியாதையோடு சொல்வார். சவூதி அரேபியாவில் 1990ஆம் ஆண்டு 47 பெண்கள் ரியாத் வீதிகளில் காரோட்டிக் கைதானார்கள்; 2018 ஜூன் 24 அன்றுதான் அந்நாட்டில் பெண்கள் காரோட்ட வழி திறந்தது. நம் நாட்டில் நமக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

என் மருமகளுக்கு மிகவும் பிடித்துப்போனது தென் கொரியாவின் சா சா-சூன் என்ற மூதாட்டியின் கதை. காய்கறி விற்றுப் பிழைத்தவர். 2005ஆம் ஆண்டு எழுத்துத் தேர்வு எழுதத் தொடங்கியவர் 2009இல், 950ஆவது முயற்சியில் தேர்ச்சி பெற்றார். ஓட்டிக் காட்டும் தேர்வுகளையும் சேர்த்து மொத்தம் 960 முறை! 2010இல் உரிமம் கையில் கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. ஹூண்டாய் நிறுவனம் அவருக்கு ஒரு காரைப் பரிசளித்தது. "எனக்கு இன்னும் 959 இருக்கிறது, மாமி" என்று அவள் சொன்ன அன்று, ஒளித்து வைத்த சாவி பழைய ஆணிக்குத் திரும்பியிருந்தது.

இரண்டாம் தேர்வு நாளும் வந்தது. அதே திடல், அதே கம்பங்கள். அதே போலச் சிரிக்கத் தயாராக நின்ற இளைஞர்கள். ஆய்வாளர் மட்டும் வேறொருவர். பின்னோக்கிப் போகும்போது, சொல்லி வைத்தாற்போல இன்ஜின் அணைந்தது. வேலிக்கு வெளியே நின்ற எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. வண்டி புறப்பட்டது, கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கி நுழைந்து நின்றது. ஆய்வாளர் எதையோ குறித்துக்கொண்டு "இறங்கலாம்" என்றார். தேர்ச்சி என்பது அலுவலகத்துக்குள் போய்க் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அல்ஹம்து லில்லாஹ்.

கால் ஆடியதா என்று வரும் வழியில் கேட்டேன். "ஆடியது மாமி. ஆடிக்கொண்டே வேலையையும் செய்தது" என்றாள்.

உரிமம் தபாலில் வந்து சேர்ந்தது. இப்போது வாரம் இருமுறை விடியற்காலையில் மாமனாரை முன் இருக்கையில் உட்கார வைத்து அவளே அழைத்துப் போகிறாள். அந்த நேரத்தில் உப்பளத்துப் பெண்கள் வேலைக்கு இறங்கிக்கொண்டிருப்பார்கள். சிலர் கை காட்டுவார்கள். இரவில் மட்டும் கடற்கரைச் சாலையில் அவள் இன்னும் ஓட்டுவதில்லை. எதிரே வரும் விளக்கு வெளிச்சம் பழக வேண்டும் என்கிறாள். அதற்கும் ஓய்வுபெற்ற அந்தப் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.